தொட்டித் தண்ணீர்

குடுவை மறுபடியும் சிவந்துவிட்டது. ரோஜா சர்பத் மாதிரி நல்ல சிவப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாருக்கும் ஒரு வாய் குடிக்க ஆசை வரும். நெவெனாவுக்கு அதைச் சுவரில் வீசி அடிக்க வேண்டும் போலிருந்தது. அவளுக்கு வேண்டியது பாத்திரம் கழுவிய தண்ணீரைப் போன்ற அழுக்குப் பழுப்பு, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத நிறம். தங்கம் குச்சி குச்சியாக வளர்ந்தால் அந்தப் பழுப்பு வரும். உருண்டை உருண்டையாகத் திரண்டால் இந்தப் பாழாய்ப்போன சிவப்புதான். எந்தக் கண்ணுக்கும் தெரியாத அந்தக் குச்சிகளை மின்னணு நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். உடம்புக்குள் புகும் ஒளியை வாங்கிக்கொண்டு சூடாகிப் பக்கத்திலிருக்கும் புற்றணுவைச் சுட்டுப்போடும் என்று அவற்றின்மேல் உலகம் முழுக்க நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். போன வருடம் முழுவதும், இந்தக் கோடையிலும்கூட, அவள் கையில் குச்சிகளாகத்தான் வளர்ந்தன. பெல்கிரேடில் அவளைப்போல ஒரே அளவாக வளர்க்க ஆளில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அக்டோபர் பிறந்ததும் என்ன சனியன் பிடித்ததோ, வைத்த குடுவையெல்லாம் சிவப்பு.

"இன்னிக்கும் ரோஜாதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் பேராசிரியர் ராதோமிர். கோட்டிலிருந்து லேசாகப் பிளம் பழ வாசனை வந்தது. வால்யேவோ பக்கம் அவருக்குத் தோட்டம் இருக்கிறது. இலையுதிர் காலம் வந்தால் வெள்ளிக்கிழமை மதியமே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"ஆமா, புரொபசர்."

"போன வருஷம் குச்சி, இந்த வருஷம் ரோஜா. தங்கத்துக்கு மனசு மாறிப்போச்சு போல." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். அடுத்த மேஜையிலிருந்த போக்தானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தான். நுண்ணோக்கியில் படம் எடுப்பவன் அவன். போன வருடம் அவளுடைய குச்சிகளைத் திரையில் முதலில் பார்த்துவிட்டு நடைபாதையில் கத்திக்கொண்டு ஓடி வந்தவனும் அவன்தான். "போக்தான், நீ சொல்லு. இவ சொன்ன முறைப்படியே நீயும் செஞ்சு பாத்தியா இல்லியா?"

"செஞ்சேன், புரொபசர்."

"என்ன வந்துச்சு?"

போக்தான் நெவெனாவைப் பார்க்காமல், "சிவப்பு" என்றான்.

"கேட்டுக்கோ." பேராசிரியர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கினால் ஏதோ வெட்டப்படப் போகிறது என்று அந்தத் தளத்தில் எல்லாருக்கும் தெரியும். "குழந்தே, நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லல. ஆனா வியாழக்கிழமை உன் ஆய்வேட்டுக் கமிட்டி வருது. அவங்க முன்னாடி நீயே சொல்லிடு. ரெண்டு மூணு குச்சியப் பாத்துட்டு, ஆசைல எல்லாமே குச்சின்னு நெனச்சிட்டேன், போன வருஷ முடிவெல்லாம் தப்புன்னு. நீயா சொன்னா அது கவனக்குறைவு. என் வாயால சொல்ல வச்சா அதுக்குப் பேரு வேற."

"கோடைல எடுத்த படமும் இருக்கு, புரொபசர். போக்தானே எடுத்தது."

"படம் என்னம்மா படம். எங்க நல்லா இருக்கோ அங்க எடுக்கறதுதானே படம்." தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்துபோனார்.

நெவெனாவின் ஆறு வருட உழைப்பு. போன ஞாயிறுதான் அம்மா போனில், ஆய்வேட்டு விழாவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று கேட்டிருந்தாள். திருடி என்று நேரே சொல்லியிருந்தால்கூடக் கத்திச் சண்டை போட்டிருக்கலாம். தோளில் தட்டிக்கொடுத்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற ஆளிடம் என்ன சண்டை போடுவது? அவள் திரும்பிப் போக்தானைப் பார்த்தாள்.

"ஏண்டா, கோடைல எல்லாமே குச்சிதான்னு சொன்னது நீதானே? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"எனக்கு அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும், நெவெனா" என்றான் அவன்.

அவளும் சந்தேகப்படாத பொருள் இல்லை. தங்க உப்பு, புது பாட்டில். குச்சிகளைச் சுற்றிப் படிந்து ஒரே பக்கமாக வளரவைக்கும் சோப்பு மாதிரியான அந்த வெள்ளைத் தூளை மூன்று கம்பெனிகளிடமிருந்து வரவழைத்துப் பார்த்துவிட்டாள். அதில் ஒரு துளி அயோடைடு கலந்திருந்தாலும் குச்சி வராது என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் அடிபட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். குடுவைகளை ராஜதிராவகம் ஊற்றிக் கழுவிக் கழுவிக் கையுறையையும் மீறி விரல் நுனி மஞ்சளாகிவிட்டது. குச்சிகள் முளைக்கும் விதைக் கரைசலைப் பனிக்கட்டியில் வைத்துச் செய்தாள். வைட்டமின் சி-யைப் புதிதாகக் கரைத்தாள். அறையின் சூட்டைக்கூட அளந்தாள். தண்ணீரை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை. ஒரு வேதியியல்காரிக்குத் தண்ணீரைச் சந்தேகிப்பது, பெற்ற தாய் சோறு போடும்போது முகர்ந்து பார்ப்பது மாதிரி.

அன்று மதியம், குச்சி நீள்வதற்குச் சேர்க்கும் வெள்ளி நைட்ரேட் தீர்ந்தது. வசந்த காலத்தில் ஒரு பெரிய பாட்டிலில் கரைத்து வைத்ததைத்தான் இத்தனை நாள் சொட்டுச் சொட்டாக எடுத்து ஓட்டியிருந்தாள். புதிதாக உப்பை நிறுத்து, தொட்டியிலிருந்து பிடித்துவந்த வடிநீரில் போட்டுக் கலக்கினாள். கண்ணாடிபோலத் தெளிந்திருக்க வேண்டிய கரைசல் பால் ஊற்றினதுபோல வெளுத்தது.

நெவெனா அசையாமல் நின்றாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும், வெள்ளி நைட்ரேட் வெளுத்தால் தண்ணீரில் உப்பு இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் உப்பு எங்கிருந்து வரும்? இன்னொரு பீக்கர் எடுத்துத் தண்ணீரை மட்டும் பிடித்து அந்த வெள்ளி உப்பில் ஒரு சிட்டிகை போட்டாள். அதுவும் வெளுத்தது. அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னாள். உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, உப்புத் தண்ணீரில் கரைத்துவிட்டு, இத்தனை நாள் தன் கையையே நொந்துகொண்டிருந்திருக்கிறாள்!

மூலையில் துணி போர்த்திய சுத்திகரிப்பு இயந்திரம் நின்றது. சோதனைக்கெல்லாம் முன்பு அந்தத் தண்ணீர்தான். அதன் வடிகட்டி வசந்தத்திலேயே தீர்ந்துபோனது. புதிது வேண்டும் என்று பேராசிரியரிடம் எத்தனை முறை கேட்டாளோ, "பாக்கலாம், பாக்கலாம்" என்பதுதான் பதில். அப்போதிருந்து எல்லாரும் நடைபாதைக் கோடியிலிருக்கும் தொட்டியை நம்பித்தான் வேலை செய்தார்கள். ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் மிலுங்கா அடித்தளத்தில் காய்ச்சி வடித்து மேலே ஏற்றும் நீர். கோடை முழுக்கக் குச்சிகள் அந்த நீரில்தான் வளர்ந்தன.

மிலுங்கா அடித்தளத்துப் பின்வாசலில் நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டடத்துப் பால்கனியில் யாரோ குளிர்காலத்துக்குக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் அந்த மணம்.

"அத்தை, தொட்டில என்ன ஊத்துனீங்க?"

"என்னத்த ஊத்துவேன், தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

மிலுங்கா சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தாள். அவசரமில்லாமல் மிதித்தாள். "ஏன் கண்ணு, என்னாச்சு?"

"ஒரு மாசமா எனக்கு ஒண்ணும் வளரல. நான் ஏமாத்துக்காரின்னு வியாழக்கிழமை என் வாயாலயே சொல்லணுமாம். என்ன ஊத்துனீங்க?"

மிலுங்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அய்யோ" என்றாள். பிறகு, யாரும் வருகிறார்களா என்று படிக்கட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "நம்ம புரொபசர் மகாராஜாவுக்குப் பிளம் பழத்துல ராக்கியாச் சாராயம் காய்ச்சி எறக்கியாச்சு. ரொம்பக் காரமா வந்துருச்சாம், தண்ணி கலந்து காரத்தக் கொறைக்கணுமாம், ஊத்துத் தண்ணி விட்டா சாராயம் கலங்கிருமாம். காரக் கொண்டாந்து இங்கன நிறுத்தி, தொட்டிலேருந்து கேன் கேனா ரொப்பிட்டுப் போனாரு. வருஷா வருஷம் நடக்கறதுதானே, இந்தக் கட்டடத்துல யாருதான் எடுக்கல? ஆனா இந்தத் தடவ தொட்டி அடிவரைக்கும் போயிருச்சு. கொதிகலன் வேற ஒழுகுது, உடனே ரொப்ப முடியாதுன்னு சொன்னேன். அதுக்கென்ன, எங்க ஊர் ஊத்துத் தண்ணி காப்பிக்குக் கொண்டாந்திருக்கேன், அத ஊத்திவிடு, செர்பியாவுலயே அதவிடச் சுத்தமான தண்ணி கெடையாதுன்னாரு. பாட்டில் கழுவத்தானே போகுதுன்னாரு. அதுக்கப்புறம் ஊருக்குப் போய்ட்டு வர்றப்பல்லாம் இங்கேருந்து ரெண்டு கேன் அங்க, அங்கேருந்து ரெண்டு கேன் இங்க."

பாட்டில் கழுவத்தானே! இந்த மனுஷன் குடுவையைக் கையால் தொட்டு எத்தனை வருடமோ. தன் ஆய்வகத்தில் இயந்திரம் செத்துக் கிடப்பதும், பிள்ளைகள் தொட்டித் தண்ணீரில் தங்கம் வளர்ப்பதும் அவருக்குத் தெரியாது. தெரியாது என்றும் எப்படிச் சொல்வது? அவளே சொல்லியிருக்கிறாள், முகத்துக்கு நேரே, ஒரு முறையா இரண்டு முறையா. காதில் போட்டுக்கொண்டால்தானே. மலை ஊற்று மண்ணையும் கல்லையும் தடவிக்கொண்டு வருகிறது, அதில் என்னென்ன உப்பு கரைந்திருக்கும் என்று வேதியியல் பேராசிரியருக்கு யார் பாடம் எடுப்பது! ஊர்ப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது. நல்ல தண்ணீர் சாராயத்துக்குப் போனது. சாராயம் கலக்கக்கூட ஆகாதென்று அவரே ஒதுக்கின தண்ணீர் அவள் ஆறு வருடத்துக்குள் வந்து விழுந்தது.

"வாங்க அத்தை. இப்பவே அவர் ரூமுக்குப் போறோம்."

மிலுங்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கெட்டியான பிடி. "வேணாம் கண்ணு. ஊத்துனது என் கை. நான் சொல்லவே இல்லன்னு அவரு சொன்னா, யார நம்புவாங்க? அவரயா, பாட்டில் கழுவறவளயா? பென்ஷனுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. வீட்டுல மனுஷன் படுத்த படுக்கை. தண்ணி சரியில்லன்னு மட்டும் சொல்லிக்கோ. யாரு, ஏன்னு வேணாம். எனக்கு வாக்குக் குடு."

கொடுக்க மனமே இல்லை. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தாள். அமிலம் பட்டுப் பட்டுத் தோல் வெந்து, நகம் தேய்ந்துபோன கை. அவள் குடுவைகளையெல்லாம் முதல் தடவை கழுவிக்கொடுக்கிற கை. "சரி" என்றாள்.

டிராமில் ஏறிப் பெரிய மருந்துக்கடைக்குப் போய், ஊசி மருந்து கலக்கும் சுத்த நீர்க் குப்பிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். கல்லாவிலிருந்த பெண், "இவ்வளவா? வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். "தங்கத்துக்கு" என்றாள் நெவெனா. அந்தப் பெண் அதை ஏதோ செல்லப் பேர் என்று எடுத்துக்கொண்டு, சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்தினாள்.

குப்பிகளின் கழுத்தை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். புதன்கிழமை மதியம் குடுவையில் வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல, சாம்பலைக் கரைத்ததுபோல ஒரு நிழல் விழுந்தது. அது கருத்து, அழுக்காகி, அருவருப்பான அருமையான பழுப்பானது. நெவெனா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். போக்தான் வந்து பக்கத்தில் நின்றான். ஒரு துளியை எடுத்துக்கொண்டு நுண்ணோக்கிக்குப் போனான். திரும்பி வந்து, "குச்சி" என்றான். "எல்லாமே. சாரி, நெவெனா."

"அத நாளைக்கு அங்க வந்து சொல்லு" என்றாள் அவள்.

வியாழக்கிழமை பேராசிரியரின் அறையில் நீள மேஜையைச் சுற்றிக் கமிட்டி உட்கார்ந்திருந்தது. தலைவி தெசாங்கா, வேறொரு நிறுவனத்திலிருந்து வந்த கண்டிப்பான கிழவி. அவளுக்கு இரண்டு பக்கமும் ஆண்கள். மேஜையில் பாலாடைக்கட்டி, புகையூட்டிய இறைச்சித் துண்டுகள், சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள். பேராசிரியர் லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். "சொந்தத் தோட்டம். நானே எறக்குனது. பட்டு மாதிரி உள்ள போகும் பாருங்க." எல்லாரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் கோப்பையை உயர்த்திக் குடித்தார்கள். பட்டுதான், பட்டேதான் என்றார் வலப்பக்கத்து மனிதர். நெவெனாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. குடிங்கய்யா குடிங்க, என் தண்ணிதான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு குடுவைகளை அவர்கள் முன்னாலேயே வைத்தாள். ஒன்று குப்பி நீர், ஒன்று தொட்டி நீர். மற்றதெல்லாம் ஒரே பாட்டில், ஒரே அளவு. விதையை இரண்டிலும் விட்டுவிட்டு நின்றாள். தெசாங்கா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்தாள். பேராசிரியர் இறைச்சித் தட்டை நகர்த்திக்கொண்டும் வானிலை பற்றிப் பேசிக்கொண்டும் இருந்தார். பேச்சு நடுவில் ஒன்று சிவந்தது. ஒன்று பழுப்பானது.

"தண்ணி" என்றாள் தெசாங்கா.

"ஆமா, மேடம். அக்டோபர்லேருந்து தொட்டில உப்புத் தண்ணி. அதுக்கு முன்னாடி வளந்ததெல்லாம் குச்சிதான்." போக்தானைப் பார்த்தாள். அவன் காதெல்லாம் சிவக்க, "குச்சிதான். நேத்து எடுத்த படமும் இருக்கு" என்றான்.

"அப்ப இந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல" என்றாள் தெசாங்கா. "ராதோமிர், உன் தொட்டிக்குள்ள உப்புத் தண்ணி எப்படிப் போச்சு?"

பேராசிரியர் அந்தச் சிவப்புக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புரிந்துகொண்ட நொடியை நெவெனா கண்ணால் பார்த்தாள். அவர் பார்வை குடுவையிலிருந்து ராக்கியா பாட்டிலுக்குப் போய்த் திரும்பியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனுஷன் சொல்லிவிடுவார் என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் மிலுங்கா காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள்.

"மிலுங்கா!" என்றார். "தொட்டில குழாய்த் தண்ணிய ரொப்பிட்டியா? ஒரு வார்த்த எங்கிட்டக் கேக்கக் கூடாதா?" கமிட்டிப் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். "வயசாயிருச்சு, பாவம். வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. நான் பாத்துக்கறேன்."

மிலுங்கா தட்டோடு வாசலிலேயே நின்றாள். பேராசிரியர் நெவெனாவைப் பார்த்துச் சிரித்தார், அப்பா மாதிரி. "குழந்தே, நீ ஜெயிச்சுட்ட. நான் அப்பவே நெனச்சேன், இவ தப்பு செய்யறவ இல்லியேன்னு. தொழிலாளி கைத்தவறுன்னு எழுதி முடிச்சிருவோம். நவம்பர்லயே விழா வச்சுக்கலாம்." ஒரு கோப்பையை நிறைத்து அவளிடம் நீட்டினார்.

"உனக்குச் சம்மதம்தானே?" என்றாள் தெசாங்கா. பேனாவைத் திறந்துவிட்டாள்.

தலையை ஆட்டினால் போதும். ஆறு வருடமும் கையில் வந்துவிடும், அம்மா சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுவிடலாம். தப்பில்லை என்று ஆகிவிட்டது, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது, பழியை மட்டும் ஒரு தலையிலிருந்து தூக்கி அடுத்த தலையில் வைத்தாயிற்று, தட்டுக் கழுவி அடுக்குவதுபோல. இவ்வளவு லேசா இது இவர்களுக்கு? நீட்டின கோப்பையை நெவெனா வாங்கவில்லை.

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?" கோப்பை அந்தரத்தில் நின்றது.

"சம்மதம் இல்ல. அது குழாய்த் தண்ணி இல்ல, புரொபசர். உங்களுக்கே தெரியும்." அதற்குமேல் அவள் வாயைத் திறக்க முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறாள். கத்தவேண்டிய வாயை மூடிக்கொண்டு மிலுங்காவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, ஜாடை காட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"இந்தப் பொண்ணுக்குக் களைப்பு" என்றார் பேராசிரியர். "மிலுங்கா, காப்பிய வச்சுட்டு நீ போ."

மிலுங்கா காப்பியை வைத்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கோப்பை, பிடியைக் கைப்பக்கம் திருப்பி வைத்தாள். காலித் தட்டை ஜன்னல் ஓரத்தில் சாய்த்தாள். பிறகு சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தெசாங்காவுக்கு எதிரே, பேராசிரியரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"உன்ன யாரு உக்காரச் சொன்னது?" என்றார் அவர்.

அவள் எழுந்திருக்கவில்லை. மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டாள். மேஜையில் இடமில்லாததால் ராக்கியா பாட்டிலை ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு, வெந்து தடித்த இரண்டு கைகளையும் வெள்ளைத் துணியின்மேல் அகல விரித்து வைத்தாள்.

"எழுதிக்கோங்கம்மா" என்றாள் தெசாங்காவிடம்.